ஓட வைத்த தாத்தாவும் பாட்டியும்



காலையில் விளையாட்டு மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் ஓடுபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. புது ஷூ, புது பனியன், கையில் அடி எண்ணிக்கை காட்டும் கடிகாரம் என்று ஒரே கூட்டம். பொங்கல் முடிந்ததும் பாதிப் பேரைக் காணோம். பங்குனி வெயில் தொடங்கும்போது பழைய ஆட்கள் மட்டும்தான் மிச்சம். நின்றுபோனவர்களை மார்க்கெட்டில் பார்த்து, "என்ன சார், ஆளையே காணோம்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "கால் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் வரமாட்டேங்குது."

இந்த மனசு எங்கிருந்து வருகிறது? ஒருநாள் ஓடுவது பெரிய காரியம் இல்லை. நாய் துரத்தினால் நானும் ஓடுவேன். நாளைக்கும் ஓட வேண்டும், அடுத்த மாதமும் ஓட வேண்டும், யாரும் கைதட்டாத நாளிலும் ஓட வேண்டும் என்றால், அதற்கு வேறு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அது என்ன என்று பழைய கதைகளிலும், நம் காலத்தில் நடந்தவற்றிலும் தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மணி கட்டிய கம்பு

நான் தபால் இலாகாவில் காலம் தள்ளியவன். அதனால் ஓட்டம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தபால் ரன்னர்தான்.

திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875-ல். திருச்சியிலிருந்து மதுரைக்குப் பாதை போட்டபோது நம் ஊர் வழியாகப் போட்டார்கள். சென்னையில் பெரிய தபால் ஆபீஸ் தொடங்கியது 1786-லேயே. இடையில் இருந்த 90 வருஷம் கடிதங்கள் எப்படிப் போயின? பெரும்பாலும் மனிதனின் காலில்தான் போயின. தோளில் தபால் பை, கையில் ஒரு கம்பு அல்லது ஈட்டி, அதன் முனையில் சலங்கை மணி. மணிச் சத்தம் கேட்டால் எதிரில் வருகிறவர்கள் வழி விடுவார்கள், காட்டுப் பாதையில் பாம்பும் விலங்கும் ஒதுங்கும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இந்தத் தபாலுக்கு 'அஞ்சல்' என்றே பெயர். ஓடுகிறவர் அஞ்சலோட்டக்காரர். நாகர்கோவில் பக்கமெல்லாம் அன்று திருவிதாங்கூரில் இருந்ததால் அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். 1951-ல் அந்த அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு சேர்ந்துவிட்டது.

இதில் ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு ரன்னர் சென்னையிலிருந்து மதுரை வரைக்கும் ஓடவில்லை. யாராலும் முடியாது. அவருடைய பங்கு சில மைல்கள் மட்டுமே. அந்த எல்லையில் இன்னொருவர் காத்திருப்பார். பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிர்த் திசையில் வந்த பையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மழையானாலும் இருட்டானாலும் அவர் ஓடியதற்குச் சம்பளம் ஒரு காரணம். ஆனால் தினசரி ஓட்டத்தில் அவர் மனசில் இருந்திருக்கக்கூடியது, அங்கே ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான் என்கிற எண்ணம்தான். நாம் தாமதித்தால் அவனுக்குத் தாமதம், அவனால் அடுத்தவனுக்குத் தாமதம்.

பள்ளிக்கூடத்தில் நாலு பேர் கட்டையை மாற்றி மாற்றி ஓடுவதைத் தொடர் ஓட்டம் என்று படித்தோம். இலங்கைத் தமிழர்கள் அதை இன்றைக்கும் 'அஞ்சலோட்டம்' என்றுதான் எழுதுகிறார்கள். தபால் பை போய்க் கட்டை வந்திருக்கிறது. அடுத்தவன் காத்திருக்கிறான் என்கிற சங்கதி அப்படியே இருக்கிறது.

சரி, அது வேலை. வேலை இல்லாமல், கட்டாயம் இல்லாமல் ஓடுகிறவர்களை எது ஓட வைக்கிறது? இதற்கு நம் பக்கத்து ஊர்களிலேயே இரண்டு பெண்களின் கதை இருக்கிறது.

கத்தக்குறிச்சியில் ஒரு தாத்தா

புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்று ஒரு கிராமம். சாந்தி சௌந்தரராஜன் அங்கே 1981-ல் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் வெளியூர்ச் செங்கல் சூளையில் கூலி வேலை. மூத்த பெண் என்பதால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சாந்தி தலையில். சாப்பாட்டுக்கே திண்டாட்டமான வீட்டில் ஓட்டப் பந்தயத்துக்கு என்ன இடம்?

இடம் கொடுத்தவர் தாத்தா. அவரும் நல்ல ஓட்டக்காரராக இருந்தவர். வீட்டுக்கு வெளியே இருந்த மண் தரையில் பேத்தியை ஓட விட்டுப் பழக்கினார். அப்போது சாந்திக்கு 13 வயது. ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு ஜோடி ஷூ என்ன விலை என்பது நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். எட்டாம் வகுப்பில் ஓடிய முதல் பந்தயத்தில் சாந்திக்குக் கிடைத்தது ஒரு தகரக் கோப்பை.

அந்தத் தகரக் கோப்பை 2006 டிசம்பரில் கத்தார் நாட்டுத் தோஹா வரைக்கும் கொண்டுபோனது. ஆசிய விளையாட்டுப் போட்டி, பெண்கள் 800 மீட்டர். முதலில் வந்தவர் பஹ்ரைன் வீராங்கனை மரியம் ஜமால். சாந்தி 2 நிமிஷம் 3.16 விநாடியில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் பெண்ணுக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.03 விநாடி. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. வெள்ளிப் பதக்கம்.

அடுத்து நடந்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, ஊரும் உறவும் பெண் என்றே அறிந்தவர். உடம்புக்குள் இருந்த ஏதோ ஒரு வேறுபாடு அவர் செய்த குற்றம் இல்லை. ஊக்க மருந்து சாப்பிட்டவரும் இல்லை. ஆனால் செய்தி பத்திரிகையிலும் டி.வி.யிலும் வந்த விதம், ஒரு குற்றவாளியைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி, அறிவித்த 15 லட்ச ரூபாய் பரிசைத் திரும்ப வாங்காமல் அவருக்கே கொடுத்தார். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் ஆறுதல்.

பந்தயத்தில் ஓடுவது அதோடு முடிந்துபோனது. மனசு உடைந்து கிடந்த காலமும் உண்டு. இப்போது நம் கேள்விக்கு வாருங்கள். பதக்கம் இல்லை, பந்தயம் இல்லை, மரியாதையும் போய்விட்டது. இனி எதற்காக ஒருவர் விடியற்காலையில் எழுந்து மைதானத்துக்குப் போக வேண்டும்?

சாந்தி போனார். புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஓடப் பழக்கினார். கையில் இருந்த பணத்தை அதில் போட்டார். அவரிடம் பழகிய பிள்ளைகள் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் பணம் தீர்ந்தது. 2012-ல் அவரே செங்கல் சூளையில் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு நின்றதைப் பத்திரிகைகள் எழுதின. அப்பா அம்மா மண் சுமந்த அதே வேலை. அதன் பிறகுதான் பெங்களூரில் விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்புக்கு வழி கிடைத்தது. படித்துத் தேறி, பின்னால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்தார். பறிபோன பதக்கத்துக்காகவும் பல வருஷம் போராடினார்.

இந்தக் கதையை நான் படித்தபோது என்னை நிறுத்தியது தோஹா இல்லை, அந்தத் தாத்தாதான். மண் தரையில் பேத்தியை ஓடவிட்டு, ஓரத்தில் நின்று பார்த்தாரே, அந்த இடத்துக்கே சாந்தி திரும்பி வந்துவிட்டார். தாத்தா நின்ற ஓரத்தில் இப்போது அவர் நிற்கிறார். எதிரே வேறு வீட்டுப் பிள்ளைகள் ஓடுகின்றன. தபால் பை கை மாறிவிட்டது.

சக்கிமங்கலத்தில் ஒரு பாட்டி

இரண்டாவது கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். 1985-ல் நம் மாவட்டம் பிரியும்வரை நாமும் மதுரை ஜில்லாக்காரர்கள்தானே. அதனால் ரேவதி வீரமணியை நம்ம ஜில்லாப் பெண் என்று சொல்லிக்கொள்வதில் தப்பில்லை.

ரேவதி 1998-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் கால் வைக்கும் வயதுக்குள் அப்பா போய்விட்டார். சில மாதத்தில் அம்மாவும் போய்விட்டார். ரேவதியையும் தங்கையையும் எடுத்து வளர்த்தது அம்மாவைப் பெற்ற பாட்டி. வயல் வேலை, செங்கல் சூளை வேலை என்று கிடைத்த கூலிக்குப் போய்க் காப்பாற்றினார். "வயசான காலத்தில் உனக்கு எதுக்கு இந்தச் சுமை? பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு" என்கிற மாதிரி உறவுக்காரர்கள் சொன்னார்கள். பாட்டி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

ரேவதி பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் அவர். இந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. ஒரு கூலிக்காரப் பாட்டியின் பயம் என்னவாக இருக்கும்? பெண் பிள்ளை வெளியே போய் ஓடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். தினமும் பஸ்சுக்குக் காசு வேண்டும். ஓடிக் களைத்து வந்தால் சத்தான சாப்பாடு வேண்டும். கண்ணன் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பேசித்தான் பாட்டி இறங்கி வந்தார். கண்ணன் முயற்சியில் மதுரை லேடி டோக் கல்லூரியில் படிக்க இடமும் தங்க விடுதியும் கிடைத்தன.

கல்லூரிக் காலத்திலும் ரேவதி பல போட்டிகளில் வெறுங்காலோடுதான் ஓடினார். பின்னால் பாட்டியாலாவில் இருக்கும் தேசியப் பயிற்சி முகாமுக்குத் தேர்வானார். அங்கே 400 மீட்டருக்கு மாறினார். தென்னக ரயில்வேயில் மதுரையில் வேலையும் கிடைத்தது. 2021-ல் தேர்வுப் பந்தயத்தில் 53.55 விநாடியில் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக் அணியில் இடம் பிடித்தார்.

என்ன பந்தயம் தெரியுமா? ஆண்கள் இரண்டு பேர், பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டம். நாலு பேரில் மூன்று பேர் தமிழர்கள். ரேவதி, திருச்சிப் பெண் சுபா வெங்கடேசன், லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். நாலாவது கேரளத்து முகமது அனஸ். அந்தச் சுற்றில் நம் அணி கடைசியாகத்தான் வந்தது. 3 நிமிஷம் 19.93 விநாடி. பதக்கப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றும் இல்லை. ஆனால் சக்கிமங்கலத்தில் கூலி வேலை பார்த்த ஒரு பாட்டிக்கு, "வேலைக்கு அனுப்ப மாட்டேன்" என்று உறவுக்காரர்களுக்குச் சொன்ன பதில் அந்த நாலு பேரில் ஒருவராக ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் நிற்கிறவர்கள்

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் செங்கல் சூளை இருக்கிறது. இரண்டிலும் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தாத்தா ஓடத் தெரிந்தவர். பாட்டி பந்தயத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர். ஆனால் இருவரும் செய்தது ஒன்றுதான். "நீ ஓடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அர்த்தம் வரும்படி நின்றார்கள்.

ஓட மனசு வரவில்லை என்று நாம் சொல்லும்போது, மனசு என்பது உள்ளே எங்கேயோ இருக்கிற ஒரு ஊற்று, அது தானாகச் சுரக்க வேண்டும் என்று நினைக்கிறோம். சுரக்கவில்லை என்றால் நாம் சோம்பேறி என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். இந்தக் கதைகள் வேறு மாதிரி சொல்கின்றன. பெரும்பாலும் மனசு வெளியிலிருந்துதான் வருகிறது. ஓரத்தில் ஒருவர் நிற்பதால் வருகிறது. கொஞ்ச காலம் ஓடிப் பழகிய பிறகுதான் அது நம்முடையதாகிறது.

"அதெல்லாம் சின்ன வயசு"

சிலர் கேட்பீர்கள், "பிள்ளைகளுக்கு இது சரி, 70 வயதில் எனக்கு யார் நிற்பார்கள்?" என்று. அதற்குப் பஞ்சாபிலிருந்து ஒரு பதில் உண்டு. ஃபௌஜா சிங்.

1911-ல் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த விவசாயி. ஐந்து வயது வரைக்கும் சரியாக நடக்கவே முடியாத கால்கள். மனைவி இறந்த பிறகு 1992-ல் லண்டனில் இருந்த மகனிடம் போனார். 1994-ல் இன்னொரு மகன் ஊரில் கட்டட வேலையின்போது விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கம் அவரைச் சாய்த்துவிட்டது. அதிலிருந்து வெளியே வரத்தான் ஓட ஆரம்பித்தார். தீவிரமாக ஓடத் தொடங்கியபோது வயது 89. மாரத்தான் ஓட வேண்டும் என்று பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங்கிடம் போய் நின்றார். 2000-ல் லண்டன் மாரத்தானை, அதாவது 42 கிலோமீட்டரை, ஓடி முடித்தார். 2011-ல் டொராண்டோ மாரத்தானை முடித்தபோது வயது 100. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தார் ஏற்றுக்கொள்ளவில்லை. நம் தலைமுறைக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு வாத்தியார் எழுதிய தேதிதான் பிறந்த தேதி!

2013-ல் ஹாங்காங்கில் கடைசிப் பந்தயம் ஓடினார். 2025 ஜூலையில், 114 வயதில், சொந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். கடைசிவரை நடப்பதை விடாத மனிதர்.

அவரும் தனியாக ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். கூடப் பயிற்சியாளர் இருந்தார், கூட ஓடும் நண்பர்கள் இருந்தார்கள், தர்மக் காரியங்களுக்காகவும் ஓடினார். வீட்டில் தனியாக உட்கார்ந்தபோது துக்கம்தான் மிச்சம். நாலு பேரோடு மைதானத்தில் நின்றபோது கால் கேட்டது.

நம்மை எல்லாம் மாரத்தான் ஓடச் சொல்லவில்லை. முழங்காலையும் இதயத்தையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, பேச்சு மூச்சு வாங்காத வேகத்தில் போனால் போதும். ஓட முடியாவிட்டால் நடை. நேரம் குறித்து ஒருவர் நமக்காகக் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வதுதான் முக்கியம். "ஆறு மணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் நிற்கிறேன்" என்று நண்பர் ஒருவர் சொல்லிவிட்டால், போர்வையை உதறுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

பழனி ரோட்டில் தெரிவது

இந்த உண்மை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் நம் ஊர் வழியாகப் பாதயாத்திரைக் கூட்டம் இரவும் பகலும் போகிறது. திண்டுக்கல்லைத் தொடும்போது பலருக்குக் காலில் கொப்புளம். இங்கிருந்து பழனிக்கு இன்னும் 60 கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும். முருகன் மேல் உள்ள பக்திதான் முதல் பலம், மறுக்கவில்லை. அதோடு, சாலையோரத்தில் பந்தல் போட்டு மோர் கொடுக்கிறவர்கள், வெந்நீர் வைத்துக் கொடுக்கிறவர்கள், தைலம் தடவிக் காலைப் பிடித்துவிடுகிறவர்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தான் சாமி" என்று பொய் சொல்கிறவர்கள், இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அந்தப் பொய்யை நம்பித்தான் அடுத்த நாலு கிலோமீட்டர் நடக்கிறார்கள். நடக்கிறவருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு மோர் கொடுத்தவருக்கும் உண்டு என்று நம் ஊர்க்காரர்கள் நம்புகிறோம். இல்லாவிட்டால் வருஷா வருஷம் பந்தல் போடுவோமா?

நமக்கு வயதாகிவிட்டது. ஓடுகிற பாத்திரம் பலருக்கு இனி இல்லை. ஆனால் ஓரத்தில் நிற்கிற பாத்திரத்துக்கு நம்மைவிடத் தகுதியான ஆள் கிடையாது. காலையில் நேரம் இருக்கிறது, பென்ஷனில் ஒரு ஜோடி ஷூவுக்குக் காசு இருக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்கு ஓடும் வீட்டில், பேரனையோ பேத்தியையோ மைதானத்துக்குக் கூட்டிப் போக நம்மை விட்டால் யார்? சொந்தப் பேரப்பிள்ளை வெளியூரில் இருந்தால், தெருவில் வேகமாக ஓடுகிற பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் வீட்டில், "பரீட்சை நேரத்தில் என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கு" என்று திட்டும்போது, "விடும்மா, நான் கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் நாற்காலி போட்ட பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. அடுத்த விழாவுக்குப் போய் உட்காருங்கள். முதலில் வருகிற பிள்ளைக்குக் கைதட்ட ஆள் இருப்பார்கள். கடைசியாக வருகிற பிள்ளை கோட்டைத் தாண்டும்வரை எழுந்து நின்று தட்டுங்கள். அது நாளைக்கும் ஓட வர வேண்டுமே.